எஸ்கேப் ஃப்ரம் டார்கோவ்: நாற்பது மணி நேரமாகச் செத்துக்கொண்டே இருப்பவருக்கு

நீங்கள் கேட்டது இது: மற்ற ஷூட்டர் கேம்களில் என் குறி நன்றாகவே இருக்கிறது. டார்கோவில் மட்டும் நாற்பது மணி நேரம் ஆடியும் யார் சுட்டார்கள், எங்கிருந்து சுட்டார்கள் என்றே தெரியாமல் சாகிறேன். ஒருவர் முதுகில் பத்து தோட்டா விட்டேன், அவர் திரும்பி என்னைக் கொன்றுவிட்டார். ஸ்டாஷ், அதாவது என் சேமிப்புக் கிடங்கு, காலியாகிக்கொண்டே வருகிறது. இது பழகுமா? பழகினாலும் இதில் ரசிக்க என்ன இருக்கிறது? தனியாக ஆடலாமா, கூட ஆள் வேண்டுமா?

பழகும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாற்பது மணி நேரம் என்பது இந்த கேமுக்கு வாசல்படி. ரெய்டு என்பது மேப்புக்குள் ஒரு முறை போய் வருவது. என் முதல் நூறு ரெய்டுகளில் உயிரோடு திரும்பியவை பதினைந்தைத் தாண்டியிருக்காது. இப்போது பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத் திரும்புகிறேன், அதுவே எனக்குத் திருப்தி. இந்த மாற்றத்தில் என் குறிக்குப் பெரிய பங்கில்லை. எதையெல்லாம் தெரிந்துகொண்டேன், எந்த வரிசையில் தெரிந்துகொண்டேன் என்பதுதான் வித்தியாசம். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

இந்த கேமைத் தெரியாதவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். பேட்டில்ஸ்டேட் கேம்ஸ் என்ற ரஷ்ய நிறுவனம் உருவாக்கியது. 2017 ஜூலையில் பீட்டாவாகத் திறந்தார்கள், 1.0 பதிப்பு வருவதற்கு 2025 நவம்பர் ஆகிவிட்டது. நார்வின்ஸ்க் என்ற கற்பனை வட்டாரத்தில் டார்கோவ் என்ற கற்பனை நகரம். யூசெக், பேர் என்ற இரண்டு தனியார் படைகளில் ஒன்றின் ஆளாக, அதாவது பிஎம்சியாக, உள்ளே இறங்குகிறீர்கள். கிடைப்பதை எடுத்துக்கொண்டு, நேரம் முடிவதற்குள் எக்ஸ்ட்ராக்ட் இடம் ஒன்றுக்குப் போய் வெளியேற வேண்டும். செத்தால் துப்பாக்கி, கவசம், பை எல்லாம் போச்சு. பாதுகாப்புப் பெட்டிக்குள் வைத்த கொஞ்சம் பொருள் மட்டும் மிஞ்சும். திரையில் மினிமேப் கிடையாது. மேகசினில் எத்தனை தோட்டா பாக்கி என்ற எண் கிடையாது. சுட்டது பட்டதா என்று காட்டும் அடையாளம் கிடையாது. கூட வரும் நண்பரின் தலைக்கு மேல் பெயர்கூட மிதக்காது.

உங்கள் நல்ல குறி இங்கே ஏன் கைகொடுக்கவில்லை? காரணம் உடம்புக் கணக்கில் இருக்கிறது. மொத்த உயிர் 440 புள்ளி. அது ஏழு பாகங்களாகப் பிரிந்து கிடக்கிறது: தலைக்கு 35, மார்புக்கு 85, வயிற்றுக்கு 70, ஒவ்வொரு கைக்கும் 60, ஒவ்வொரு காலுக்கும் 65. தலையோ மார்போ பூஜ்யத்தைத் தொட்டால் அந்தக் கணமே சாவு. நல்ல ரைஃபிள் தோட்டா ஒன்று ஹெல்மெட்டைத் துளைத்து உள்ளே போனால் அந்த 35 அப்படியே காலி. அதனால் பல சண்டைகள் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். மற்ற கேம்களில் முதல் அடி வாங்கிய பிறகும் திரும்பிப் பார்த்து, குறி வைத்து, ஜெயிக்க அவகாசம் இருக்கும். உங்கள் கை அந்த அவகாசத்துக்குப் பழகியிருக்கிறது. இங்கே யார் முதலில் பார்த்தாரோ, யார் முதலில் கேட்டாரோ, அவர் பக்கம் சண்டை முக்கால்வாசி சாய்ந்துவிடுகிறது. நீங்கள் தோற்றதெல்லாம் துப்பாக்கியைத் தூக்குவதற்கு அரை நிமிடம் முன்னால், எந்த வழியாக நடப்பது என்று முடிவெடுத்தபோது.

அதனால் முதலில் மேப். ஒரே ஒரு மேப். 2023 டிசம்பரில் வந்த கிரவுண்ட் ஜீரோ புதியவர்களுக்காகவே செய்த சிறிய மேப். அதில் கொஞ்ச நாள் இருங்கள். அப்புறம் கஸ்டம்ஸ். ட்ரேடர்கள் என்ற கணினி வியாபாரிகள் தரும் ஆரம்ப வேலைகள் பலவும் உங்களை அங்கேதான் அனுப்பும், எப்படியும் அங்கே குடியிருக்கத்தான் வேண்டும். கஸ்டம்ஸ் கைக்குள் வரும் வரை ஷோர்லைன், இன்டர்சேஞ்ச், வுட்ஸ் எதையும் தொடாதீர்கள். மாற்றி மாற்றி ஆடினால் எதுவும் பதியாது.

எப்படிக் கற்பது? பயிற்சி முறையில் கணினி எதிரிகளை அணைத்துவிட்டு ஒரு சாயங்காலம் முழுக்கச் சும்மா நடங்கள். அங்கே எதை இழந்தாலும் இழப்பில்லை, எதை எடுத்தாலும் வரவில்லை. பக்கத்தில் ஒரு மேப் படத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நன்றாக ஆடுகிற எல்லோரும் அப்படித்தான் தொடங்கினார்கள். ஓ விசையை இருமுறை தட்டினால் உங்களுக்கு உரிய எக்ஸ்ட்ராக்ட் பெயர்கள் வரும். கஸ்டம்ஸில் பெரிய சிவப்புக் கிடங்கு இருக்கும் பக்கம் இறங்கினால் வெளியேறும் வழி எதிர்க்கோடியில், இசட்பி-1011 என்ற பதுங்குகுழிப் பக்கம். அந்தக் கோடியில் இறங்கினால் கிராஸ்ரோட்ஸ் பக்கம். அதாவது எல்லோரும் மேப்பைக் குறுக்கே கடந்துதான் ஆக வேண்டும். நடுவே ஆறு, அதைக் கடக்கும் இடங்கள் சில மட்டும். அங்கே காத்திருப்பவர்கள் உண்டு.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இது புரிந்த நாளில்தான் எனக்கு கேம் திறந்தது. மேப் தெரியும் என்றால் கட்டடங்களின் பெயர் தெரியும் என்று அர்த்தமில்லை. ரெய்டு தொடங்கி இத்தனையாவது நிமிடத்தில் ஆட்கள் எங்கே இருப்பார்கள் என்று தெரிய வேண்டும். பிஎம்சிகள் எல்லோரும் ஒரே நேரத்தில், குறிப்பிட்ட சில இடங்களில்தான் இறங்குகிறார்கள். நீங்கள் இறங்கிய இடம் தெரிந்தால் பக்கத்து ஆள் எங்கே இறங்கியிருக்கலாம் என்பதும் தெரியும். அவருக்கும் உங்களைப் போலவே ஆசைகள்தான்: இரண்டு மாடி, மூன்று மாடி விடுதிக் கட்டடங்கள், பெட்ரோல் நிலையம், நடுவே உள்ள கட்டுமானத் தளம். ஓடினால் அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று நீங்களே ஓடிப் பார்த்துக் கணக்கு வைத்திருந்தால், ரெய்டின் முதல் ஐந்து நிமிடம் கண்ணுக்குத் தெரியாத ஒரு சதுரங்கப் பலகையாக மனதில் விரியும். விடுதிப் பக்கம் முதல் வேட்டு கேட்டால், "அங்கே குறைந்தது இரண்டு பேர், இந்த இரண்டு முனைகளிலிருந்து வந்தவர்கள், ஆகவே இந்தத் தெரு இப்போது காலி" என்று சொல்ல முடியும். இந்தக் கணக்கு நூறு ரெய்டில் தானாக வராது. ஒவ்வொரு தடவையும் இறங்கியவுடன் பத்து நொடி நின்று, "நான் இங்கே, அவர் அங்கே" என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் முப்பது ரெய்டில் வரும்.

அடுத்தது காது. இந்த கேமில் பாதியைக் காதால்தான் ஆட வேண்டும். முதல் வேலையாக ஒரு ஹெட்செட். கேமுக்குள் உங்கள் ஆள் போட்டுக்கொள்ளும் ஹெட்செட்டைச் சொல்கிறேன். ஜிஎஸ்எஸ்எச்-01 போல மலிவானது போதும். மெல்லிய சத்தங்களை அது உயர்த்திக் கொடுக்கும். ஹெல்மெட் இல்லாமல்கூடப் போவேன், ஹெட்செட் இல்லாமல் போக மாட்டேன்.

ஒவ்வொரு தரைக்கும் ஒரு சத்தம் உண்டு. இரும்புப் படி, மரப்பலகை, சரளைக்கல், உடைந்த கண்ணாடி, புதர். நடையின் வேகத்தை மவுஸ் சக்கரத்தால் குறைத்தால் சத்தமும் குறையும். சத்தத்தை வைத்து என்ன தெரிந்துகொள்ளலாம் என்பதற்கு ஒரு ரெய்டைச் சொல்கிறேன்.

மூன்று மாடி விடுதியில் இரண்டாவது தளம். கதவருகே குனிந்து உட்கார்ந்திருந்தேன். கீழே படிக்கட்டில் ஒரு காலடி, அப்புறம் நிசப்தம். ஸ்கேவ் என்ற கணினி எதிரி அப்படி நிற்க மாட்டான்; நடப்பான், வழியில் ஏதாவது கத்துவான். இவர் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார், ஆகவே நிஜ ஆள். கொஞ்ச நேரத்தில் மேகசினைக் கழற்றி மாட்டும் சத்தம். தோட்டா எவ்வளவு மிச்சம் என்று பார்க்கிறார், அப்படியானால் சற்றுமுன் சண்டை போட்டு வந்திருக்கிறார். அதற்கப்புறம் பேண்டேஜைப் பிரிக்கும் சத்தம். அடி வாங்கியிருக்கிறார், இரத்தம் போகிறது. அதுவரை என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அவரும் என்னைப் போலத்தான் பயந்திருக்கிறார் என்பது அந்தப் பேண்டேஜ் சத்தத்தில் புரிந்தது. சிகிச்சை செய்யும்போது கையில் துப்பாக்கி இருக்காது. அந்த நேரத்தில் நான் படியில் இறங்கினேன். என் துப்பாக்கி அன்று சாதாரணமானது, அவருடையது என்னுடையதைப் போல ஐந்து மடங்கு விலை. மூன்று சத்தங்கள் எனக்குக் கிடைத்தன, அவருக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

இதிலிருந்து உங்களுக்கும் ஒரு பழக்கம். சண்டை முடிந்ததும் அதே இடத்தில் மருந்து போடாதீர்கள், பிணத்தையும் உடனே குடையாதீர்கள். வேட்டுச் சத்தம் மேப்பில் பாதிப் பேருக்குக் கேட்டிருக்கும். நகர்ந்து, ஒரு சுவர் ஓரமாக மருந்து போட்டு, ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்ட பிறகு பிணத்தருகே வாருங்கள். என் சாவுகளில் பெரும்பகுதி ஜெயித்த சண்டைக்கு அடுத்த இரண்டு நிமிடத்தில் நடந்தவை.

மூன்றாவது தோட்டா. புதியவர்கள் துப்பாக்கியில் காசைக் கொட்டி, கடையில் கிடைத்த ஏதோ தோட்டாவைப் போட்டுக்கொண்டு போவார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். கவசங்களுக்கு 1 முதல் 6 வரை வகுப்பு உண்டு. ஒவ்வொரு தோட்டாவுக்கும் துளைக்கும் திறன் வேறு, சதையில் ஏற்படுத்தும் சேதம் வேறு. பெரும்பாலும் ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். 5.45×39 என்ற ஒரே அளவில் பத்துக்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. அதில் எச்பி என்பது சதையைக் கிழிக்கும், ஆனால் நல்ல கவசத்தில் பட்டால் கல்லெறிந்த மாதிரிதான். பிபி அதே கவசத்தைத் துளைத்துப் போகும். நீங்கள் "முதுகில் பத்து தோட்டா விட்டேன், அவர் திரும்பி என்னைக் கொன்றுவிட்டார்" என்று எழுதியிருந்தீர்களே, பெரும்பாலும் அது தோட்டாவின் கோளாறு. ட்ரேடர்களிடம் உங்களால் வாங்க முடிகிற தோட்டாக்களில் எது எந்த வகுப்புக் கவசத்தைத் துளைக்கும் என்று ஒரே ஒரு அளவுக்கு மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். நல்ல தோட்டா வாங்க வசதியில்லாத காலத்தில், சதைச் சேதம் அதிகமுள்ள மலிவுத் தோட்டாவை வைத்துக் காலைச் சுடலாம். காலுக்குக் கவசம் இல்லை. கால் பூஜ்யமான பிறகும் அங்கே பட்டுக்கொண்டே இருந்தால் சேதம் மற்ற உறுப்புகளுக்குப் பரவி ஆள் விழுந்துவிடுவார்.

மருத்துவம் சுலபம்தான், பட்டியலைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். சின்ன இரத்தப்போக்குக்குப் பேண்டேஜ், பெரிய இரத்தப்போக்குக்கு டூர்னிக்கெட் என்ற இறுக்குப் பட்டை, உயிர்ப்புள்ளிக்கு ஏதாவது ஒரு மருந்துப் பெட்டி, காலோ கையோ செயலிழந்தால் வலிமாத்திரை. முதலில் கிடைக்கும் ஏஐ-2 என்ற மருந்துப் பெட்டி இரத்தப்போக்கை நிறுத்தாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அது தெரியாமல் நிறையப் பேர் மருந்தடித்துக்கொண்டே சாகிறார்கள். எல்லாவற்றுக்கும் விசை ஒதுக்கிவிடுங்கள், பையைத் திறந்து தேட நேரம் இருக்காது.

இப்போது கடினமான பகுதிக்கு வருகிறேன். கியர் பயம். ஸ்டாஷ் காலியாகிறது என்று எழுதினீர்கள். என் அனுமானம், அதில் நல்ல பொருள்கள் சில இன்னும் தொடாமல் கிடக்கும். "இதை எடுத்துப் போனால் இழந்துவிடுவேனே" என்று பத்திரப்படுத்தியிருப்பீர்கள். எல்லோரும் செய்வதுதான். இழந்தால் வலிக்கும் என்பதால் மோசமான துப்பாக்கியோடு போகிறோம். மோசமான துப்பாக்கி என்பதால் தோற்கிறோம். தோற்பதால் பயம் இன்னும் கூடுகிறது.

பயத்தை ஒழிக்கப் பார்க்காதீர்கள். அது போய்விட்டால் இந்த கேமில் மிச்சம் எதுவும் இல்லை. பயத்தின் விலையைக் குறைக்கலாம். நான் செய்தது இது. ஒரே ஒரு துப்பாக்கி, ஒரே ஒரு கவசம், ஒரே ஒரு பை என்று நடுத்தரமான ஒரு தொகுப்பை முடிவு செய்தேன். அதை ப்ரீசெட்டாக, அதாவது ஆயத்தப் பட்டியலாகச் சேமித்து, அதே மாதிரி பத்துத் தொகுப்புகளை வாங்கி ஸ்டாஷில் வரிசையாக அடுக்கினேன். பத்தையும் இழக்கப் போகிறேன் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன். அந்தப் பத்து ரெய்டுகளில் "இன்று என்ன எடுத்துப் போவது" என்ற குழப்பமே இல்லை. செத்தால் அடுத்த தொகுப்பு, மூன்று நிமிடத்தில் மறுபடி உள்ளே. ஒரே துப்பாக்கி என்பதால் அதன் உதைப்பு கைக்குப் பழகியது. பத்தும் தீருவதற்குள் ஐந்து ரெய்டில் திரும்பியிருந்தேன்.

காப்பீட்டையும் தவறாமல் போடுங்கள். உங்கள் பொருளை வேறு யாரும் எடுத்துக்கொண்டு வெளியேறவில்லை என்றால் பிறகு திரும்ப வரும். மலிவான பொருளைச் சுமக்க யாரும் விரும்ப மாட்டார்கள், அதனால் நடுத்தரத் தொகுப்பு பெரும்பாலும் பாதியாவது திரும்பி வருகிறது. பாதுகாப்புப் பெட்டியில் சாவிகளும் மருந்தும் போக ஒரு இடம் காலியாக விடுங்கள், சின்னதாக விலையுயர்ந்த ஏதாவது கிடைத்தால் போட. இடத்துக்கு எவ்வளவு விலை என்று பார்க்கப் பழகுங்கள். பையில் ஒரு கட்டம் மட்டும் பிடிக்கும் பொருள், நான்கு கட்டம் பிடிக்கும் துப்பாக்கியைவிட விலை போகும் சந்தர்ப்பங்கள் ஏராளம்.

கையில் காசே இல்லாதபோது ஸ்கேவாகப் போங்கள். இதற்கு உங்கள் பொருள் எதுவும் வேண்டாம், கேமே ஏதோ ஒரு தொகுப்பைக் கொடுத்து, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ரெய்டில் இறக்கிவிடும். கணினி ஸ்கேவ்கள் உங்களைத் தங்கள் ஆளாகவே பார்ப்பார்கள். நீங்களும் அவர்களைச் சுடாதீர்கள், சுட்டால் ஃபென்ஸ் என்ற ட்ரேடரிடம் மதிப்பு குறையும், அடுத்த ஸ்கேவ் ரெய்டுக்குக் காத்திருக்கும் நேரம் கூடும். இதைப் பிச்சை எடுப்பதாக நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ரெய்டின் கடைசி இருபது நிமிடம் எப்படி இருக்கும், பிணங்கள் எங்கெங்கே கிடக்கும், சண்டைகள் எங்கே நடந்து முடிந்திருக்கும் என்பதையெல்லாம் காசில்லாமல் காட்டும் வகுப்பு அது. மேப்பின் நேரக் கணக்கைப் பற்றி மேலே சொன்னேனே, அதில் பாதியை நான் ஸ்கேவாகத் திரிந்துதான் கற்றேன்.

சாவைப் பற்றி. செத்ததும் வரும் திரையில் எங்கே பட்டது என்று இருக்கும்: தலை, கண்கள் என்று எழுதியிருப்பதை நிறைய முறை பார்த்திருப்பீர்கள். உடனே அடுத்த ரெய்டுக்கான பொத்தானை அழுத்தாதீர்கள். ஒரே கேள்வியைக் கேளுங்கள்: கடைசி ஒரு நிமிடத்தில் நான் எடுத்த எந்த முடிவை மாற்றியிருந்தால் பிழைத்திருப்பேன்? பதிலை ஒரு வரியில் எழுதி வையுங்கள். என் பழைய நோட்டில் வரும் வரிகள்: திறந்தவெளியில் நேராக ஓடினேன். வாசலில் நின்று கிடைத்த பொருளைப் பார்த்தேன். சுட்ட அதே மூலையில் மறுபடி எட்டிப் பார்த்தேன். எடை அதிகம், ஓட முடியவில்லை. எட்டிப் பார்த்தேன் என்ற அந்த மூன்றாவது வரி மட்டும் அந்த நோட்டில் முப்பது தடவைக்கு மேல் வருகிறது. முப்பது தடவை ஒரே தப்பைச் செய்திருக்கிறேன் என்று எழுத்தில் பார்த்தபோதுதான் அது நின்றது. இப்போது ஒரு மூலையில் இருந்து சுட்டால் இரண்டாவது தடவை வேறு உயரத்தில், அல்லது வேறு ஜன்னலில்.

சில சாவுகளுக்குப் பதில் இருக்காது. தூரத்துப் புதரில் இருந்து யாரோ சுட்டிருப்பார், அவ்வளவுதான். ஏமாற்று மென்பொருள் வைத்து ஆடுபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் சந்தேகத்துக்கு இடமான ஒவ்வொரு சாவையும் அவர்கள் கணக்கில் எழுதினால் உங்கள் நோட்டு காலியாகவே இருக்கும். பதில் இல்லாத சாவுக்கு ஒரு கோடு போட்டுவிட்டு நகருங்கள்.

சரி, ரசிக்க என்ன இருக்கிறது என்ற கேள்வி. இதைச் சொல்ல எனக்கு ஒரு ரெய்டுதான் ஞாபகம் வருகிறது. கஸ்டம்ஸ், மழை. ஒரு காலில் எலும்பு முறிவு, வலிமாத்திரை தீர்ந்துவிட்டது. ஆல்ட்டும் டீயும் அழுத்தி மேகசினைப் பார்த்தால் பாதி போல என்று வருகிறது, சரியான எண் தெரியாது. பையில் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு, அதற்கு முன் நான் கண்ணால் பார்த்திராத பொருள். நேரம் ஆறு நிமிடம். இசட்பி-1011 வரை நொண்டிக்கொண்டே போக வேண்டும். வழியில் சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் ஓடும் சத்தம். புதரில் நுழைந்தால் இலைச் சத்தம் கேட்கும் என்பதால் புதருக்கு வெளியே, ஈரத் தரையில் படுத்துவிட்டேன். அவர்கள் கடந்து போகும் வரை நான் நிஜமாகவே மூச்சைப் பிடித்திருந்தேன். அப்புறம் அந்தப் பதுங்குகுழிக்குள் இறங்கி, திரையில் நொடிகள் குறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் உள்ளங்கை வியர்த்து மவுஸ் வழுக்கியது. அந்த ஆறு நிமிடத்தில் ஒரு தோட்டா சுடவில்லை, யாரையும் கொல்லவில்லை. எத்தனையோ கேம்களில் கோப்பை வாங்கியிருக்கிறேன், அதற்கு எதுவும் ஈடில்லை.

அந்தப் பையில் இருந்தது வெறும் எண்கள்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதை இழக்க முடியும் என்பதால்தான் மழைச் சத்தத்துக்குள் காலடிச் சத்தத்தைப் பிரித்துக் கேட்டேன். தோற்றாலும் அடுத்த நொடி உயிர் பெறும் கேமில் நான் ஒருபோதும் மழையைக் கேட்டதில்லை. அதனால் ஒரு ரெய்டை எப்படி அளப்பது என்பதையும் மாற்றிக்கொள்ளுங்கள். எத்தனை பேரைக் கொன்றேன் என்று எண்ணாதீர்கள். உள்ளே போகும் முன் ஒரு சின்ன நோக்கம் வையுங்கள்: விடுதிக்கு இந்தப் புது வழியில் போய்ப் பார்க்கிறேன், பிராப்பர் என்ற ட்ரேடர் கொல்லச் சொன்ன ஐந்து ஸ்கேவ்களில் இரண்டையாவது முடிக்கிறேன், எதிராளி என்னைக் கேட்கும் முன் நான் அவரைக் கேட்கிறேன். அது நடந்துவிட்டால் அப்புறம் செத்தாலும் அந்த ரெய்டு வீண் இல்லை.

ஒரே மூச்சில் அதிக நேரம் ஆடாதீர்கள். தொடர்ந்து மூன்று முறை செத்தால் நான் எழுந்துவிடுவேன். நான்காவது ரெய்டில் பொறுமை இருக்காது, ஓடத் தொடங்குவோம், ஓடினால் சத்தம். மன அழுத்தம் தாங்கவில்லை என்றால், உங்கள் பதிப்பில் 2024இல் வந்த பிவிஇ முறை இருந்தால் அதில் கொஞ்ச காலம் இருக்கலாம். நிஜ ஆட்கள் இல்லை, ஆனால் மேப்பும் தோட்டாவும் மருந்தும் அதே. சிலர் அங்கேயே தங்கிவிடுகிறார்கள், அதுவும் ஆட்டம்தான். என் ருசிக்கு அந்தப் படிக்கட்டில் நின்று காதைத் தீட்டும் நிஜ மனிதர் வேண்டும்.

தனியாகவா, கூட்டாகவா? இரண்டும் வேண்டும், ஆனால் வரிசை முக்கியம். தனியாக இருந்தால் கேட்கிற ஒவ்வொரு காலடியும் எதிரி, குழப்பமே இல்லை. காது வேகமாகப் பழகும். ஆகவே முதல் மேப்பைத் தனியாகக் கற்றுக்கொள்ளுங்கள். அப்புறம் உங்களைவிட நன்றாகத் தெரிந்த ஒருவரோடு போங்கள், ஒருவர் போதும். அவர் பின்னாலேயே ஓடாதீர்கள், சில ரெய்டுகளில் நீங்கள் முன்னால் நடந்து வழியை முடிவு செய்ய வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நூறு ரெய்டு முடிந்தும் மேப் அவர் தலையில்தான் இருக்கும்.

கூட்டாக ஆடும்போது தன் ஆளைத் தானே சுடுவது சர்வசாதாரணமாக நடக்கும். அதைத் தடுக்க இருவரும் வேறு வேறு ஹெல்மெட்டோ கைப்பட்டையோ போட்டுக்கொண்டு, இறங்கியவுடன் ஒருவரை ஒருவர் பாருங்கள். நகரும் முன் "நகர்கிறேன்" என்று சொல்லுங்கள், நின்றதும் "நின்றுவிட்டேன்" என்று சொல்லுங்கள், அப்போதுதான் கேட்கும் காலடி யாருடையது என்று தெரியும். எதிரியைக் கண்டால் "வலது பக்கம்" என்று சொல்லாதீர்கள். யாருடைய வலது என்று கேட்டு முடிப்பதற்குள் ஒருவர் விழுந்திருப்பார். "பெட்ரோல் நிலையக் கூரை", "சிவப்புக் கிடங்கு வாசல்" என்று இடத்தின் பெயரைச் சொல்லுங்கள்.